வீட்டில் 7 பேர், பட்ஜெட் 25 லட்சம்: மூன்று வரிசை எலெக்ட்ரிக் வண்டியில் எதை எடுக்கலாம்?

கேள்வி: கோபி டீச்சர்

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில்தான் எங்கள் வீடு. வீட்டில் 7 பேர் இருக்கிறோம். என் வீட்டுக்காரரின் அப்பத்தா, மாமனார், மாமியார், நாங்கள் இரண்டு பேர், எட்டாவது படிக்கும் பையன், மூன்றாவது படிக்கும் பெண். இப்போது இருப்பது பழைய டீசல் இன்னோவா. மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் செலவு வைக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த வண்டி எலெக்ட்ரிக் என்று எல்லாரும் பேசி முடிவு செய்துவிட்டோம். அதனால் ஹைபிரிட் எடுங்கள், டீசலே எடுங்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஓட்டம் இப்படி: நான் தினமும் ஈரோட்டுக்குப் பள்ளிக்கூடம் போய்வர 70 கிலோமீட்டர். ஞாயிறு, அமாவாசை, விசேஷம் என்றால் ஏழு பேரும் கிளம்பிவிடுவோம். காங்கேயம் பக்கம் குலதெய்வம், சிவன்மலை, பழனி. வருடத்தில் சில தடவை சென்னையில் நாத்தனார் வீட்டுக்கு. எப்போதாவது ஊட்டி.

பார்த்து வைத்திருப்பது இரண்டு. கியா கேரன்ஸ் கிளாவிஸ் இவி, 51.4 யூனிட் பேட்டரி. மஹிந்திரா எக்ஸ்இவி 9எஸ், எந்தப் பேட்டரி என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. முதலாவது 2025 ஜூலையில் 17.99 லட்சத்தில் தொடங்கியது, இரண்டாவது நவம்பரில் 19.95 லட்சத்தில். பிஒய்டி இமேக்ஸ் 7 கேட்டபோது 26.9 லட்சத்தில்தான் ஆரம்பம் என்றார்கள், அதை விட்டுவிட்டோம்.

போன இடத்தில் பாட்டு, கேமரா, சன்ரூஃப் என்று ஒரு மணி நேரம் காட்டினார்கள். மூன்றாவது வரிசையில் பெரியவர்கள் உட்கார முடியுமா என்று கேட்டால், "தாராளமா உட்காரலாம் மேடம்" என்ற ஒரே பதில்தான். அப்பத்தாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. பையன் வேகமாக வளர்கிறான். ஏழு பேரோடு உண்மையில் பயன்படுத்துகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பெருந்துறை தறிக்காரர்

அம்மணி, சரியான இடத்தில் கை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் போன ஐப்பசியில் கிளாவிஸ் இவி எடுத்தோம். பங்காளி ஒருவர் 9எஸ் பெரிய பேட்டரி வைத்திருக்கிறார், அதையும் நிறைய ஓட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஏழு பேர்தான், அதனால் நீங்கள் கேட்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்கிற ரேஞ்சை அப்புறம் பார்க்கலாம், முதலில் தரையைப் பாருங்கள். எலெக்ட்ரிக் வண்டியில் பேட்டரி முழுக்கத் தரைக்கு அடியில் படுத்திருக்கிறது. அதனால் உள்தரை மேலே வந்துவிடும். கூரையை அதே அளவுக்கு உயர்த்த முடியாது, உயர்த்தினால் காற்றைக் கிழிக்கவே பாதி கரண்ட் போய்விடும். ஆக, சீட்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் உயரம்தான் குறைகிறது. பின்வரிசையில் அது நன்றாகத் தெரியும். பாதம் உயரத்தில், முழங்கால் நெஞ்சுப் பக்கம், தொடை சீட்டில் படாமல் அந்தரத்தில். பத்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. பெருந்துறையிலிருந்து பழனி போய் இறங்கும்போது இடுப்பு சொல்லும். எந்தக் கம்பெனி மூன்று வரிசை வண்டியானாலும் இந்தக் கணக்கு மாறாது. யார் எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் ஷோரூமுக்கு ஏழு பேரும் போங்கள். இரண்டு பேர் மட்டும் போய் முடிவு செய்யவே கூடாது. முதலில் உங்கள் வீட்டுக்காரர் ஸ்டீயரிங் பிடித்து, அவருக்கு வசதியாக சீட்டை வைக்கட்டும். அப்புறம் நடுவரிசையில் மாமனார் அவருக்கு வேண்டிய அளவு பின்னால் தள்ளிக்கொள்ளட்டும். அதற்கப்புறம் மிச்சம் இருக்கும் இடத்தில் பையனை ஏற்றுங்கள். சேல்ஸ்மேன் நடுசீட்டை முன்னால் தள்ளி வைத்துவிட்டு "பாருங்க எவ்வளவு இடம்" என்று காட்டுவார், அது கணக்கில் சேராது. பையன் உட்கார்ந்த பிறகு அப்படியே ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லுங்கள். அவன் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி, தலைச்சாய்ப்பு அவன் பின்மண்டை உயரத்துக்கு வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி என்பது நல்ல விஷயம்தான், ஆனால் பாரத் என்கேப் என்கிற மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பொம்மையை முன்சீட்டிலும் குழந்தை பொம்மையை நடுவரிசையிலும் வைத்துத்தான் மோதுகிறார்கள். மூன்றாவது வரிசைக்கு அந்த நட்சத்திரம் எதையும் சொல்வதில்லை.

அப்பத்தாவுக்கு வேறு சோதனை. அவரை நடுவரிசை ஜன்னலோரம்தான் உட்கார வைக்கப்போகிறீர்கள். யார் கையையும் பிடிக்காமல் அவராக ஏறி இறங்கட்டும். உட்காரும் பலகை அவர் இடுப்பு உயரத்துக்கு வந்தால் சுகமாக ஏறிவிடுவார். அதற்கு மேலே போனால் தூக்கித்தான் விட வேண்டும், கீழே இருந்தால் இறங்கும்போது முழங்கால் வலிக்கும். புடவையோடு ஏற வேண்டும், மறக்காதீர்கள். பின்வரிசைக்குப் போகிறவர்களுக்காக நடுசீட்டு மடிகிற விதத்தையும் பாருங்கள். கிளாவிஸில் ஒரு பட்டனை அழுத்தினால் சீட்டு தானாக மடிந்து முன்னால் போகும். எங்கள் பெண் குழந்தையே தனியாகப் போட்டுக்கொள்கிறது.

சாமான் விஷயத்தில் ஏழு பேர் வண்டி எல்லாமே ஏமாற்றும். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் கிளாவிஸில் பின்னால் 216 லிட்டர்தான். இரண்டு பெரிய பை, ஒரு வாழைத்தார், அவ்வளவுதான். பொங்கல் வைக்கிற பித்தளை அண்டாவை வீட்டிலிருந்து கொண்டுபோய் ஷோரூமிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 9எஸ்ஸுக்கு முன்பக்கம் பானெட்டுக்கு அடியில் 150 லிட்டர் பெட்டி இருக்கிறது, அது பெரிய உபகாரம். கிளாவிஸிலும் முன்னால் ஒன்று உண்டு, 25 லிட்டர், சார்ஜர் ஒயர் வைக்கத்தான் ஆகும். மேலே கேரியர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், ஹைவேயில் ரேஞ்ச் கண்ணுக்கு முன்னால் இறங்கும்.

இப்போது ரேஞ்ச். கிளாவிஸ் 51.4 யூனிட் பேட்டரிக்கு 490 கிலோமீட்டர் என்றும், 9எஸ் 79 யூனிட் பேட்டரிக்கு 679 என்றும் போட்டிருக்கிறார்கள். அது சோதனைக்கூடக் கணக்கு. ஏழு பேர், ஏசி, நூறில் போகிற ஹைவே என்றால் நான் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்றுதான் கணக்குப் போடுகிறேன். கிளாவிஸுக்கு 300 கிலோமீட்டர் ஆகிறது. பங்காளியின் வண்டி கனம் அதிகம், யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே கொடுக்கும், ஆனாலும் 400 தாண்டிப் போய்விடும். நீங்கள் தினமும் 70 ஓட்டுகிறவர். இரண்டு வண்டிக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. சென்னைக்காக மட்டும்தான் பெரிய பேட்டரி. வருடத்தில் சில நாளுக்காக மற்ற நாளெல்லாம் அந்தக் கனத்தைச் சுமப்பதா என்று யோசியுங்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. சேலத்தில் சாப்பாடு, உளுந்தூர்பேட்டையில் காபி, இரண்டு இடத்திலும் சார்ஜ் என்று போகிறோம். பெரியவர்கள் இருந்தால் எப்படியும் நிறுத்தத்தானே வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் சார்ஜரில் இரண்டு கன் இருந்தால், பக்கத்தில் இன்னொரு வண்டி வந்ததும் உங்களுக்குப் பாதிதான் வரும். தீபாவளிக்கு முந்தின நாள் அப்படி நின்றிருக்கிறோம். 9எஸ்ஸுக்கு 20 நிமிடத்தில் 20-லிருந்து 80 சதவீதம் என்று சொல்வதும் 180 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால்தான். நீங்கள் போகிற வழியில் அப்படி எத்தனை இருக்கிறது என்று ஆப்பில் பார்த்துவிட்டு அந்த எண்ணுக்கு மதிப்புக் கொடுங்கள்.

பதில்: பவானி ஒயர்மேன்

அண்ணன் வண்டியைச் சொல்லிவிட்டார், நான் வீட்டு ஒயரிங்கைச் சொல்கிறேன். டீச்சர் தோட்டத்து வீடு என்கிறார். முதல் விஷயம், கிணற்று மோட்டாருக்கு இருக்கிற இலவச சர்வீஸில் காரைச் சார்ஜ் போடவே கூடாது. அது விவசாயத்துக்கு மட்டும் கொடுத்தது. பிடித்தால் அபராதம், சர்வீஸும் போய்விடும். வீட்டு சர்வீஸிலிருந்துதான் ஒயர் இழுக்க வேண்டும்.

அடுத்தது எர்த். தோட்டத்து வீடுகளில் பாதிக்கு மேல் எர்த் குழி பேருக்குத்தான் இருக்கிறது. உப்பும் கரியும் போட்டுப் பல வருடம் ஆகியிருக்கும், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஃபேன், லைட் எல்லாம் அதிலும் ஓடும். கார் சார்ஜர் ஓடாது. எர்த் சரியில்லை என்று தெரிந்தால் சிவப்பு லைட் போட்டு நின்றுவிடும். வண்டியில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், போய்ப் பார்த்தால் எர்த்தான். வண்டி வருவதற்கு முன்னாலேயே புதிதாக ஒரு எர்த் போட்டு, மீட்டரிலிருந்து தனியாக ஒயர் இழுத்து, அதற்கென்று தனி பிரேக்கரும் கசிவுக்கு டிரிப் ஆகிற ஆர்சிசிபியும் வைத்துவிடுங்கள். ஈபி ஆபீஸில் லோடு ஏற்றி எழுதிக் கொடுங்கள்.

பில் எவ்வளவு வரும் என்று எல்லாரும் கேட்பார்கள். மாதம் 1,500 கிலோமீட்டர், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். வீட்டில் ஏற்கெனவே 500 ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், கார் யூனிட் எல்லாம் மேல் ஸ்லாபில் விழும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 600 யூனிட் வரை யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 800 வரை 9.65, 1,000 வரை 10.70. கூட்டினால் அந்த 500 யூனிட்டுக்கு 4,925 ரூபாய். அதே 3,000 கிலோமீட்டரை லிட்டருக்கு 12 கொடுக்கிற இன்னோவாவில் ஓட்டினால் 250 லிட்டர் டீசல், 92 ரூபாய் என்று போட்டாலே 23,000. 1,000 யூனிட்டையும் தாண்டினால் 11.80 ஆகிவிடும், அப்போதும் டீசல் கிட்டே வராது. கூரையில் சோலார் போடுகிற எண்ணம் இருந்தால் மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் உண்டு.

பதில்: கோவை சரவணம்பட்டி அம்மா

டீச்சர், தினமும் ஓட்டப்போவது நீங்கள் என்பதால் எழுதுகிறேன். 9எஸ் 4.7 மீட்டருக்கு மேல் நீளம், கிளாவிஸ் 4.55. கேட்க அரை முழம்கூட இல்லை. ஈரோட்டில் பன்னீர்செல்வம் பார்க் பக்கம் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது தெரியும். நான் கிளாவிஸ் ஓட்டுகிறேன், எனக்கு இந்த நீளமே போதும்.

யாரும் சொல்லாத ஒன்று: குழந்தைகளுக்கு வாந்தி. எலெக்ட்ரிக் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் திருப்பிக் கரண்ட் எடுக்க ஆரம்பிக்கும், வண்டி இழுத்துப் பிடிக்கும். ஓட்டுகிறவருக்கு அது பழகிவிடும். மூன்றாவது வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். எங்கள் சின்னவனுக்கு அவிநாசி தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற பேடிலில் அந்தப் பிடிப்பைக் குறைத்து வைத்து, காலை மெதுவாக எடுக்கப் பழகினேன். இப்போது தூங்கிக்கொண்டே வருகிறான். முழுக் குடும்பம் போகிற நாளில் ரேஞ்ச் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அதைக் குறைத்துவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவை மத்தியானம் ஒரு மணிக்குக் கேளுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் பின்வரிசைக்கு ஏசி காற்று எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அங்கே நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்கு எல்லா ஏசியும் நல்ல ஏசிதான்.

அப்புறம் ஸ்டெப்னி. பல எலெக்ட்ரிக் வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். தோட்டத்துப் பாதையில் வேலமுள் ஏறுகிற ஊர் நம்முடையது. கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பதில்: ஆழியார் தோப்புக்காரர்

வணக்கமுங்க டீச்சர். நான் 9எஸ் வைத்திருக்கிறேன். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவும் அடிக்கடி ஏறி இறங்குகிறேன். மலை ஏற இதைப்போல சுகமான வண்டியில் நான் போனதில்லை. பின்சக்கரத்தில் மோட்டார், கியர் மாற்றுகிற வேலை இல்லை, வளைவில் முன்னால் பஸ் நின்றாலும் கவலைப்படாமல் நிறுத்தி எடுக்கலாம்.

ஊட்டிக் கணக்கைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு வண்டி இரண்டரை டன் என்றால், அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 13 யூனிட் வேண்டும். விரயம் சேர்த்து 14, 15. அதோடு 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எட்டு யூனிட். ஆக 22, 23 யூனிட் மேட்டுப்பாளையத்தில் இருக்க வேண்டும். கிளாவிஸிலும் போகலாம், பேட்டரியில் பாதி போய்விடும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இறங்கும்போது ஏற்றத்துக்குச் செலவானதில் ஒரு பங்கு திரும்ப வரும், மேட்டுப்பாளையத்தில் நிற்கும்போது ஊட்டியில் இருந்ததைவிடச் சதவீதம் கூடியிருக்கும். ஆனால் மேலே தங்குகிற இடத்தில் நூறு சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ள இடம் இருக்காது, மோட்டார் பிடிக்காது, முழு பாரமும் பிரேக்கில் விழும். எண்பதோடு எடுத்துவிடுங்கள்.

பேட்டரி வகையும் வேறு வேறு. 9எஸ்ஸில் இருப்பது எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதை அவ்வப்போது நூறு வரை ஏற்றலாம், ஏற்றவும் வேண்டும், அப்போதுதான் மீட்டர் சரியாகக் காட்டும். கிளாவிஸில் என்எம்சி, அதாவது நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட். அதைத் தினசரி 80-இல் நிறுத்தி, நெடுந்தூரம் போகிற அன்று மட்டும் நூறு வைப்பது நல்லது. உங்கள் 70 கிலோமீட்டருக்கு 80 தாராளம்.

பட்ஜெட் 25 என்றீர்கள். 9எஸ் மேல் வேரியன்ட் 2025 அறிமுகத்திலேயே 29.45 வரை போனது, ஆனால் பெரிய பேட்டரியைக் கீழ் வேரியன்ட்டிலும் தருகிறார்கள். 20 லட்சத்துக்கு மேலான பெட்ரோல், டீசல் வண்டிக்கு நம் மாநிலத்தில் 20 சதவீதம் சாலை வரி. பேட்டரி வண்டிக்கு விலக்கு இருந்து வருகிறது. நீங்கள் பதிவு செய்கிற தேதிக்கு அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஒரே வரியில் லட்சக்கணக்கில் மாறும்.

மறுபதில்: கோபி டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தறிக்காரர் அண்ணன் சொன்னபடி ஏழு பேரும் அண்டாவோடு போனோம். இரண்டு ஷோரூமிலும் ஒன்றும் சொல்லவில்லை, மரியாதையாகவே பார்த்தார்கள்.

ஓட்ட எனக்கு 9எஸ் ரொம்பப் பிடித்தது. பையனுக்கும் அதுதான். அண்டா அதன் முன்பெட்டியிலும் போகவில்லை, கிளாவிஸ் பின்னாலும் சரியாக உட்காரவில்லை. மாமியார் உடனே, "பாத்திரத்தைக் கோயிலிலேயே வாடகைக்கு எடுத்துக்கலாம் கண்ணு, ஆளுக பொறப்பட்டா போதும்" என்று சொல்லிவிட்டார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அப்பத்தா இரண்டிலும் தானாக ஏறினார். கிளாவிஸில் இறங்கும்போது யார் கையையும் தேடவில்லை. மற்றதில் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். அவர் உயரத்துக்கு அப்படி. உயரமான பெரியவர்கள் இருக்கிற வீட்டில் இது நேர்மாறாகவும் இருக்கலாம். பையனைப் பின்வரிசையில் வைத்து மத்தியான வெயிலில் சித்தோடு வரை போய்வந்தோம். கிளாவிஸில் காலை நீட்டிக்கொண்டு பேசாமல் வந்தான். இன்னும் நான்கைந்து வருடம் அவன் அங்கேதான் உட்காரப்போகிறான், அதை வைத்துத்தான் நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். கிளாவிஸ் 51.4 புக் செய்துவிட்டோம். ஸ்டெப்னி, சாலை வரி இரண்டையும் எழுதி வாங்கிய பிறகுதான் பணம் கட்டினோம்.

ஒயர்மேன் அண்ணா, ஒரு சந்தேகம். வீட்டுக்குத் த்ரீ ஃபேஸ் சர்வீஸ். 11 கிலோவாட் சார்ஜர் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். 7.2 போதுமா?

பதில்: பவானி ஒயர்மேன்

7.2 தாராளம் டீச்சர். 70 கிலோமீட்டருக்கு 12 யூனிட் என்று வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். ராத்திரி முழுக்க வண்டி சும்மாதான் நிற்கப்போகிறது. 11 போட்டால் மூன்று ஃபேஸும் ஒழுங்காக வர வேண்டும், தோட்டத்துப் பக்கம் ஒரு ஃபேஸ் போவது சாதாரணம். 7.2-க்கு ஒரு ஃபேஸ் போதும். ஆனால் கிட்டத்தட்ட 32 ஆம்பியர் இரண்டு மணி நேரம் தொடர்ந்து இழுக்கும், அதனால் ஃப்ரிட்ஜும் ஏசியும் இல்லாத ஃபேஸில் மாட்டச் சொல்லுங்கள். தூரம் 20 மீட்டருக்குள் என்றால் 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், அதற்கு மேல் போனால் 10. அலுமினியம் வேண்டாம். மீட்டர் போர்டு போட்டோ ஒன்றும், அங்கிருந்து வண்டி நிற்கிற இடத்துக்கு எத்தனை அடி என்றும் போடுங்கள், என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.